சங்குத்திட்டுக் காற்றாலை

கிர்ர்ர்... டக். கிர்ர்ர்... டக்.

சின்ன வயதில் குழைக்காதர் கேட்ட சத்தம் அது. கரைக்கு எதிரே, சங்குத்திட்டு என்ற குட்டித் தீவில், பரங்கிகள் கட்டிய காற்றாலை மாவரைத்த சத்தம். பிறகு பரங்கிகள் போனார்கள். ஒரு புயலில் இறக்கைகளும் போயின. மொட்டைக் கோபுரம் மட்டும் நின்றது. குழைக்காதர் வளர்ந்து அரண்மனை விகடர் ஆனார்.

ஒருநாள் பிரதானி திருமேனிநாதர் சபையில் எழுந்தார். "அரைக்காத ஆலை எதற்கு, மகாராஜா? இடித்தால் என் புது மாளிகைக்குக் கல்லாவது ஆகும்."

"ஆகட்டும்," என்றார் மன்னர். "முதல் கல்லை நானே வந்து பெயர்க்கிறேன்."

அன்று மாலை, மன்னரின் தோணியை ஓட்டும் தண்டேல் சூசை விகடரின் வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, எங்கள் ஊர் அந்தத் திட்டில். சுற்றிலும் தண்ணீருக்கடியில் பாறை. கோபுரத்தையும் மாதா கோயில் கொடிமரத்தையும் ஒரே நேராகப் பிடித்துத்தான் உள்ளே நுழைவோம். கோபுரம் போனால் எங்கள் ஆட்கள் வீடு திரும்ப மாட்டார்கள்."

"பிரதானியிடம் சொன்னீரா?"

"சொன்னேன். 'இத்தனை பெரிய கடலில் வேறு வழியா இல்லை?' என்று சிரித்தார்."

குழைக்காதர் தாடியைத் தடவினார். "திட்டில் பனையோலை நிறைய இருக்கிறதல்லவா?"

குறித்த நாளில் மன்னரையும் பிரதானியையும் விகடரையும் ஏற்றிக்கொண்டு சூசையின் தோணி புறப்பட்டது. திட்டருகே வந்ததும் சுற்றத் தொடங்கியது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. வெயில் ஏறியது.

"கரை தெரிகிறதே, உள்ளே விடு!" என்று மன்னர் கத்தினார்.

"கோபுரத்தைக் காணோம், மகாராஜா. பாறை எங்கே என்று எப்படித் தெரியும்?"

எங்கு பார்த்தாலும் பனைமரங்கள். கோபுரமும் உச்சிவரை ஓலை போர்த்தி அவற்றோடு நின்றது.

"நான்தான் மூடச் சொன்னேன்," என்றார் குழைக்காதர். "இடிப்பதற்கு முன் ஓர் ஒத்திகை. பிரதானியாரே, வேறு வழி உண்டு என்றீர்களாமே, காட்டுங்கள்!"

பிரதானியோ தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, காலையில் தின்ற பொங்கலைக் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஓலையை எடுக்கச் சொல்லுமய்யா!" என்றார் மன்னர்.

விகடர் துண்டை வீசினார். கரையில் காத்திருந்த ஆட்கள் கோபுரத்து ஓலைகளைச் சரித்தார்கள். ஊசியில் நூல் கோத்தது போல் தோணி உள்ளே போனது.

மணலில் கால் பட்டதும் மன்னருக்குக் குறும்பு வந்தது. "ஆனாலும் பிரதானி கேட்டது கேள்விதானே? அரைக்காத ஆலை எதற்கு?"

"அரைக்கவில்லையா, மகாராஜா? காலையிலிருந்து நம்மை வட்டம் வட்டமாகச் சுற்ற வைத்ததே! பிரதானியார் முகத்தைப் பாருங்கள். நல்ல வெள்ளை மாவு."

மன்னர் மணலிலேயே உட்கார்ந்து சிரித்தார். விகடருக்குத் தம் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். கோபுரத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, உச்சியில் விளக்கும் வைக்கச் சொன்னார்.

பிரதானி தம் மாளிகையைச் செங்கல்லால் கட்டிக்கொண்டார்.

தண்டேல் சூசை தலை நரைத்து, பல் கொட்டி, கரையில் தம் வீட்டுப் பாயில் படுத்தே இறந்தார்.