தவளைப் பாறைக்கு மயில் காவல்

தாமரைக் குளத்தில் மழை விழுந்தால் அன்று திருவிழாதான்! வானத்துக்கு நன்றி சொல்லத் தவளைகள் கரும்பாறையில் ஏறிப் பாடும். மயில்கள் மேட்டில் ஆடும். கொக்குகள் ஒற்றைக் காலில் வாய் திறக்காமல் நிற்கும்.

இந்த ஆண்டு முதல் மழையன்று, செருக்கன் என்ற மயில் பாறைமேல் பாய்ந்தது. “ஆடினால்தான் வானத்துக்குப் பிடிக்கும்! எல்லா மயிலுக்காகவும் சொல்றேன்!” என்று கூவி, குண்டுமணித் தவளையின் காலைக் கொத்திவிட்டு ஓடியது.

“இனி மயில்கள் ஆடக் கூடாது!” என்று தவளைகள் கொதித்தன.

நாட்டாமைக் கரடிக்குத் தலை வலித்தது. “ஆட்டமும் வேண்டாம், பாட்டும் வேண்டாம், ஒற்றைக் காலும் வேண்டாம்!” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தேன் குடிக்கப் போய்விட்டது.

கொக்குகள்தான் பாவம். “நாங்க சும்மாதானே நின்னோம்!” என்று இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு தவித்தன.

அடுத்த மழைக்குக் குளம் வெறிச்சோடிக் கிடந்தது. புதருக்குள் செருக்கன் சிரித்தது. “தவளைகளை மட்டும்தான் அடக்க நினைச்சேன். கரடி எல்லாரையும் அடக்கிக் கொடுத்துட்டாரே!”

அது குண்டுமணியின் காதில் விழுந்தது. உடனே குண்டுமணி நொண்டியபடியே மயில்களின் தலைவி நீலியிடம் போனது.

“அக்கா, செருக்கனை நீங்களா அனுப்பினீங்க?”

“ஐயோ, இல்லை தம்பி! எங்க பேரைச் சொல்லிக் கொத்தினான். நாங்க கண்டிக்காம இருந்ததுதான் தப்பு!”

இரண்டும் கரடியிடம் போயின.

“மயில்களை ஆட விடுங்க!” என்றது குண்டுமணி.

“தவளைகளைப் பாட விடுங்க!” என்றது நீலி.

கரடி திகைத்தது. “தனக்காகக் கேட்க ஒருத்தரும் வரலையா?” பிறகு வெட்கத்தோடு மூக்கைச் சொறிந்தது. “கொத்தினவனைப் பிடிக்காம, கும்பிட்டவங்களை அடக்கிட்டேனே! தீர்ப்பு ரத்து!”

மூன்றாவது மழை வந்தது. தவளைகள் பாட, பாறையைச் சுற்றி மயில்கள் தோகை விரித்து நின்றன. மறுபடி பாய வந்த செருக்கன் தன் சொந்தக் கூட்டத்தைக் கண்டு நின்றுவிட்டது.

“முதல்ல எங்களைக் கொத்து!” என்றது நீலி.

செருக்கனின் கொண்டை தொங்கிப்போனது. கால் ஆறும்வரை குண்டுமணியைப் பாறைக்குச் சுமந்து வர வேண்டும் என்று கரடி தண்டனை கொடுத்தது. குண்டுமணியும் முதுகில் ஜம்மென்று உட்கார்ந்து, வழியெல்லாம் செருக்கன் காதுக்குள்ளேயே பாடியது! குளமே சிரித்தது. கொக்குகள்கூட அன்று வாய் திறந்துவிட்டன.

அடுத்தவர் வழிபாட்டுக்குக் காவல் நிற்பவருக்கே தன் வழிபாடும் நிலைக்கும்.