முடியளவு வாய்க்காலுக்கு யார் பெயர்?

நியாயம் சொல்லத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள். எங்கள் கொல்லிமலையில் எழுந்த வழக்கு இது. அடிதடி வழக்கு இல்லை. மூன்று பேர், ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான்.

மலைமேல் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே பச்சைப்பிள்ளைகளைப் பார்ப்பவர் டாக்டர் அங்கயற்கண்ணி. கிருமி தாக்கிய பிள்ளைக்கு அவர் போடும் ஊசிமருந்து பொல்லாதது. ரத்தத்தில் குறைந்தால் கிருமி மிஞ்சும், கூடித் தேங்கினால் பிள்ளைக்குக் காது போய்விடும். எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்க்க, ரத்தம் பஸ் ஏறி மலை இறங்க வேண்டும். பதில் வருவதற்குள் அடுத்த ஊசிக்கு நேரம் வந்துவிடும்.

மலையடிவாரக் கல்லூரியில் படிக்கிற மூன்று பேரைக் கூப்பிட்டார். "குதிகாலில் ஒரே ஒரு சொட்டுதான் எடுப்பேன். கட்டிலுக்குப் பக்கத்திலேயே பதில் தெரியணும். நீங்க யாரும் இல்லாத நாளிலும் என் நர்சு பார்க்கணும். எது இல்லாமல் இது நடக்காதோ, அதைச் செய்தவர் பெயரைக் கருவிக்கு வைப்பேன். ஒரே ஒரு பெயர்."

மருந்து பட்டால் நீலமாகிற சோதனைத் தண்ணீர் ஒன்று அவரிடம் இருந்தது. வெற்றிலை அளவு ரப்பர் வில்லைக்குள் தலைமுடி அகலத்தில் வாய்க்கால் வெட்டி, அதில் ரத்தத்தையும் இந்தத் தண்ணீரையும் சேர்க்க வேண்டும். கேட்க லேசாக இருக்கிறது இல்லையா? ஆனால் அத்தனை சின்ன வாய்க்காலில் எந்த நீரும் சுழலாது, புரளாது. பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள் ஒரே முற்றத்தில் நடக்கிற மாதிரி, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் போய்க்கொண்டே இருக்கும். கலக்காது.

மூவரில் மாதேசு மலையிலேயே பிறந்தவன். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் பஸ்ஸில் குலுங்கியவன். "நம்ம ரோட்டுல ஏறினா வயிறே கலங்குது, தண்ணி கலங்காதா?" என்று வாய்க்காலை வளைத்து வளைத்து வெட்டினான். வளைவு மட்டும் போதவில்லை. தரையில் மீன்முள் மாதிரி சாய்கோடுகள் கீறினான். சிவப்புச் சாயமும் நீலச் சாயமும் விட்டுப் பார்த்தால், கடைசியில் ஒரே ஊதா! கல்லூரியே கைதட்டியது.

டாக்டர் தன் விரலையே குத்தி, அந்த ரத்தத்தில் மருந்தைக் கலந்து ஊற்றினார். அழகாகக் கலந்தது. கலந்து, எல்லாம் சிவப்பாகவே வந்தது. அந்தச் சிவப்புக்குள் நீலத்தை யார் பார்ப்பது?

"சாயத்துல பழகிட்டு ரத்தத்துக்கு வந்தா இப்படித்தான்" என்றாள் மூவரில் இன்னொருத்தியான தமயந்தி.

"நீ வந்து கலக்கேன் பார்க்கலாம்" என்றான் மாதேசு.

"கலக்கவே மாட்டேன் போ."

அவள் வெட்டியது நேர் வாய்க்கால். "ஓரகத்திங்க பேசாட்டிப் போகட்டும். பொடிசுங்க ரெண்டு வீட்டுலயும் சோறு தின்னும்ல?" ரத்தத்தின் சிவப்பணுக்கள் பெரிய ஆட்கள், அவ்வளவு சீக்கிரம் எல்லை தாண்டமாட்டார்கள். மருந்து பொடிசு. நழுவி நழுவிப் பக்கத்துத் தண்ணீருக்குப் போய்விடும். கடைசியில் வாய்க்காலை இரண்டாகப் பிரித்துவிட்டால் ரத்தம் ஒரு வழி, தண்ணீர் ஒரு வழி.

சொன்னது நன்றாக இருந்தது. ஓடவிட்டால், கெட்டியான ரத்தம் சோம்பி நின்றது. தண்ணீர் துள்ளி வந்து அதை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வழியிலும் தானே போனது.

மூன்றாமவள் ஷாகிரா கொத்தனார் மகள். ரசமட்டத்தோடு வளர்ந்த கண். "ரத்தம் ஊத்துற கிண்ணம், தண்ணி ஊத்துற கிண்ணம், ரெண்டையும் ஒரே உயரத்துல வெச்சா எப்படி?" என்று ரத்தக் கிண்ணத்தைத் தூக்கினாள். சிவப்பு எல்லை தாண்டியது. இறக்கினாள். மறுபடி ஒரு நூல் அளவு தூக்கினாள். சிவப்புக்கும் தெளிவுக்கும் நடுவே வகிடு எடுத்த மாதிரி ஒரு கோடு நின்றது. நர்சும் திருப்பிக்கொள்ளும்படி கிண்ணத்துக்கு ஒரு மரை ஆணி வைத்தாள்.

இப்போது தண்ணீர் தனியே வந்தது. நீலம் ரத்தத்தை உரசி வந்த ஓரத்தில் மட்டும் இழையாக இருந்தது. இருக்கிறது என்று தெரிந்தது, எவ்வளவு என்று தெரியவில்லை. மாதேசு முன்னால் வந்தான். கைதட்டு வாங்கிய தன் வில்லையைக் கத்தியால் அறுத்து, அந்த வளைவுகளைத் தமயந்தியின் தண்ணீர் வழியில் ஒட்டினான். நீலம் சீராகப் பரவியது.

அன்று வார்டில் சின்னப்பொண்ணு என்பவளின் பிள்ளைக்கு அடுத்த ஊசி நேரம். ஒரு சொட்டு எடுத்து விட்டார்கள். அளவுக்கு ஒரு நீலம் தீட்டிய வண்ண அட்டையோடு வைத்துப் பார்த்தால், கெட்டி நீலம்.

"இந்த ஊசி வேண்டாம், நிறுத்துங்க" என்றார் டாக்டர்.

"எம்புள்ளைக்குக் காது கேக்குமுங்களா?" என்றாள் சின்னப்பொண்ணு.

"இப்பவே கேக்குது பாரு. உன் குரலுக்குத் திரும்புறான்."

அப்புறம்தான் வழக்கு. "கடைசி நிறம் என் வளைவுல வந்துச்சு" என்றான் மாதேசு. "சிவப்பைப் பிரிச்சது என் வாய்க்கால்" என்றாள் தமயந்தி. "கோடு நிக்கலைன்னா ரெண்டும் குப்பைதான்" என்றாள் ஷாகிரா.

இப்போது சொல்லுங்கள். பலகையில் யார் பெயர் எழுதுவது நியாயம்?

விடை: தமயந்தி. மாதேசை எடுத்துவிட்டால் ஓரத்து நீலத்தை வைத்துக் குத்துமதிப்பாவது சொல்லலாம். ஷாகிராவை எடுத்தால் வேறு யாராவது கிண்ணத்தைத் தூக்கி இறக்கித் தட்டுத்தடுமாறியாவது கண்டுபிடிப்பார்கள். தமயந்தியை எடுத்தால் ஷாகிரா நிறுத்தக் கோடும் இல்லை, மாதேசு கலக்கத் தெளிந்த தண்ணீரும் இல்லை. கலக்கவில்லையே என்று எல்லோரும் அழுத இடத்தில், அந்தக் கலக்காத குணத்தையே வேலைக்கு வைத்தவள் அவள். டாக்டரும் அவள் பெயரைத்தான் எழுதினார். ஆனால் எங்கள் வார்டு நர்சுகளின் வாயை யார் பூட்டுவது? "தமயந்தியை எடுத்துட்டு வா" என்கிறார்கள். வந்ததும், "ஷாகிரா நடுவுல நிக்குறாளா?" என்கிறார்கள். நின்றதும், "மாதேசு வர்ற வரைக்கும் பொறு" என்று, வளைவில் நீலம் பரவுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.