மருந்து சொல்லாதவர் கையைத் தூக்குங்கள்

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் அந்த வாயே பூவாத்தாளுக்கு ஒருநாள் கைகொடுத்தது.

பனியன் கம்பெனியில் தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்கக் கூட்டம் போட்டிருந்தார்கள். "குழந்தையில்லாததுக்குப் பண்ற வைத்தியத்தையும் சேர்த்துக்குங்க" என்றாள், பல வருஷமாகத் தொட்டிலுக்குக் காத்திருக்கும் தையல்காரி பூவாத்தாள்.

முதலாளி செங்கோடன் சிரித்தார். "அதென்ன நோயா அம்மிணி? நோய்னு நிரூபி, சேர்த்துடறேன்."

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "எனக்கு இதுவரைக்கும் மருந்து சொல்லாதவங்க கையத் தூக்குங்க."

முதலாளி ஒருவர்தான் மிடுக்காகத் தூக்கினார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி முழங்கையால் இடித்தாள். "ஏனுங்க, போன மாசம் மலைவேம்புச் சாறு குடிக்கச் சொன்னது ஆருங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"நோயில்லாதவளுக்கு எதுக்குங்க மருந்து?" என்றாள் பூவாத்தாள்.

தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டே முதலாளி காப்பீட்டு ஏஜெண்டிடம் சொன்னார்: "அதையும் சேர்த்து எழுதிக்குங்க."