கவிழ்த்து வைத்த பானை

"செல்லக்கண்ணுகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல ஐயா" என்றார் தாசையன்.

போதகர் தேவாலயத்து வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அவன் பெண்சாதியை அடக்கம் பண்ணி எட்டு நாளாச்சு. தினமும் போய் நிக்கிறேன். நாப்பது வருஷச் சிநேகிதன். ஒரு நல்ல வார்த்தை வாயில வரமாட்டேங்குது."

"நேத்து என்ன சொன்னீங்க அண்ணாச்சி?"

"மழை வரும்போலன்னேன்."

போதகர் வானத்தைப் பார்த்தார். வெயில் கொளுத்தியது.

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. யார்கிட்டயும் பேசல. சாப்பாடும் இறங்கல. அவனும் அவ பின்னாலயே போயிருவானோன்னு பயமா இருக்கு."

"நாளைக்குக் கோயிலுக்கு வருவாரா?"

"நான் கூட்டிட்டு வந்து என் பின்பெஞ்சில உக்கார வைக்கேன். நான் என்ன சொல்லட்டும்? அதைச் சொல்லுங்க."

போதகர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். வாசலோரம் இருந்த தண்ணீர்ப் பானையைத் தூக்கி, தண்ணீரைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினார். பானையைக் கவிழ்த்து வைத்தார்.

"போயிட்டு வாங்க அண்ணாச்சி."

தாசையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்டது ஒரு வார்த்தை. கிடைத்தது காலிப் பானை. சின்ன வயசுப் போதகருக்குப் படிப்பு கூடிப்போனால் இப்படித்தான் ஆகும்போல என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

அந்தப் பானையோடு தாசையனுக்குப் பதினோரு வருஷப் பழக்கம்.

அந்தச் சபையில் ஞாயிறு ஆராதனையின்போது சமாதானம் கைமாறி வரும். போதகர் முதல் பெஞ்சுக்காரரின் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்து, "சமாதானம் உமக்கு உண்டாவதாக" என்பார். வாங்கியவர் திரும்பித் தன் பின்னால் இருப்பவருக்குக் கொடுப்பார். இப்படியே கடைசிப் பெஞ்சுவரை போகும். வாங்காதவர் கொடுப்பது வழக்கமில்லை.

தாசையனுக்கு முன்னால் இருப்பவர் ஞானாபரணம்.

சபையின் அசன விருந்தில், முந்நூறு பேர் இலைக்கு முன்னால் இருக்கும்போது, "தாசையன் முகம் பாத்துல்லா குழம்பு ஊத்துறான்" என்று சொன்ன அதே ஞானாபரணம். தாசையன் எல்லாருக்கும் ஒரே கரண்டிதான் ஊற்றினார். இன்றைக்கும் சத்தியம் பண்ணுவார்.

அன்றிலிருந்து சமாதானம் ஞானாபரணம் இருக்கும் மூன்றாம் பெஞ்சுக்கு வரும்போது தாசையனுக்குத் தாகம் எடுத்துவிடும். வெளியே போய்ப் பானையில் மொண்டு நிதானமாகக் குடிப்பார். ஞானாபரணம் காலி இடத்தைத் தாண்டிப் பின்னால் கை நீட்டிக் கொடுத்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமையும் தாகம் எடுத்தது.

பானை கவிழ்ந்தே கிடந்தது. தாசையன் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். எச்சிலை விழுங்கினார். வேறு வேலை ஒன்றும் தோன்றாமல் உள்ளே திரும்பினார்.

ரொம்பச் சீக்கிரம் வந்துவிட்டார். ஞானாபரணம் அப்போதுதான் திரும்பிக் காலி இடத்தைத் தாண்டிக் கை நீட்டிக்கொண்டிருந்தார். தாசையனைக் கண்டதும் கையை இறக்கிக்கொண்டு முன்னால் பார்த்து நின்றார்.

தாசையன் தன் இடத்தில் நின்றார். இனி என்ன செய்வதென்று தெரியவில்லை.

பின்னால் செருமும் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

செல்லக்கண் எழுந்து நின்றார். ஒன்பது நாள் தாடி. இரண்டு கையையும் நீட்டியிருந்தார். யாரிடமும் எதையும் கேட்காத மனிதர், தாசையனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாசையன் வாயைத் திறந்தார். மழை என்றுதான் வந்தது. மூடிக்கொண்டார்.

முன்னால் திரும்பி, ஞானாபரணத்தின் தோளைத் தட்டினார்.

"என்னவே?"

"அதைச் சொல்லும்."

"எதை?"

"வாயைக் கிண்டாதேயும். பின்னால ஆள் நிக்கான்."

ஞானாபரணம் எட்டிப் பார்த்தார். செல்லக்கண்ணின் கையைப் பார்த்தார். அப்புறம் தாசையனின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்தார். கை சொரசொரப்பாக, சூடாக இருந்தது.

"சமாதானம் உமக்கு உண்டாவதாக."

தாசையன் அந்தக் கையை விடவில்லை. ஏன் விடவில்லை என்று அவருக்கே தெரியவில்லை.

"புடிச்சது போதும், திரும்பும்வே" என்றார் ஞானாபரணம். "ஆள் நிக்கான்."