தூதுவளைத் திருடன்

எங்கள் ஃப்ளாட்டின் மொட்டைமாடியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு தூதுவளைத் தொட்டி. நாலு நாளாக அதில் இலை காணாமல் போய்க்கொண்டே இருந்தது. சங்கத் தலைவர் வைத்தீஸ்வரனுக்குச் சந்தேகமெல்லாம் தண்ணீர் ஊற்றும் இருளாயிமேல்தான். தினமும் கேட்டிலேயே அவள் பையைக் கொட்டிப் பார்ப்பார், டிபன் பாக்ஸைத் திறந்து மோந்து பார்ப்பார். "மீன் திங்கிற கை, இலையை மட்டும் விடுமா?" என்பார். அவர் சுத்த சைவமாம்.

ஞாயிற்றுக்கிழமை மாடியிலேயே கூட்டம் போட்டார். "இப்பவே திருடனைக் காட்டு. இல்லேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

"திருடினவங்க நல்லா இருக்கட்டும் சார். எனக்கு வேற கவலை. செடி தழையட்டும்னு நேத்து சாயங்காலம் மீன் அமிலம் தெளிச்சேன். மீன் குடலையும் வெல்லத்தையும் ஊறப்போட்டு எடுத்தது. கழுவினாலும் இலையை விட்டுப் போகாது."

தலைவர் வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். "அடிப்பாவி! காலையில ரெண்டு டம்ளர் தூதுவளை ரசம் குடிச்சேனே!"

இருளாயி தொட்டிக்குப் பின்னாலிருந்து கடையில் வாங்கிய பாட்டிலை எடுத்துக் காட்டினாள். மூடியில் சீல்கூடப் பிரிக்கவில்லை.

"இனிமேதான் சார் தெளிக்கணும்."