மந்திரியின் இரண்டாம் மாடி

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு, வயிறு குலுங்கச் சிரித்து முடித்த கையோடு திடீரென்று ஓர் ஆசை வந்தது. தன்னைச் சிரிக்க வைத்த விகடகவி அம்பலவாணருக்கு ஒரு மாடி வீட்டைக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து மந்திரி செண்பகராயருக்குச் சோறு இறங்கவில்லை. கோமாளிக்கு ஒரு மாடியா? அப்படியானால் எனக்கு இரண்டு! அந்த வயிற்றெரிச்சலில்தான் அவர் புது வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினார்.

அந்த நாட்டில் அரண்மனை அனுமதி ஓலை இல்லாமல் சுவர் எழுப்பக் கூடாது. ஓலையைக் கொத்தனார் பெயரில்தான் கொடுப்பார்கள். சுவர் இடிந்தால் அவர் கையை வெட்டுவார்கள். முத்திருளன் என்ற கொத்தனார் ஓலை வாங்கி, முதல் மாடியை முடித்துவிட்டுக் கூலி கேட்டார்.

"முதலில் அந்தக் கோமாளி வீட்டைவிட உயரட்டும், பார்க்கலாம்" என்றார் மந்திரி.

முத்திருளன் கரண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மந்திரி விடுவாரா? மாட்டுக்கொட்டகை ஆட்களை வைத்தே இரண்டாம் மாடியை எழுப்பினார்! முத்திருளன் பதறிப்போய், ஓலையிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லி அதிகாரியிடம் ஓடினார். அதிகாரியோ மந்திரியின் மைத்துனர். "வீடு முடியாமல் பெயரை எடுக்க முடியாது, போ" என்று விரட்டிவிட்டார்.

மழை வந்தது. இரண்டாம் மாடிச் சுவர் பொத்தென்று விழுந்தது. முத்திருளனைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"சாமி, அந்தச் செவுரு நான் வச்சதே இல்ல. கூலி தரல, போயிட்டேன். கை போச்சுன்னா எம் பொண்டாட்டி புள்ளைங்க சோத்துக்கு என்ன பண்ணும்?" என்று அழுதார்.

அம்பலவாணர் எழுந்தார். "மந்திரியாரே, இடிந்த சுவர் தங்களுடையதா?"

அவர் குரலைக் கேட்டாலே மந்திரிக்குக் காந்தும். "இல்லவே இல்லை! அஸ்திவாரம் முதல் உச்சிவரை ஒவ்வொரு கல்லும் ஓலையில் பெயருள்ளவனுடையது. எனக்கு அதில் ஒரு துரும்புகூடச் சொந்தமில்லை!"

"அரசே, தண்டனையை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் அம்பலவாணர். ராஜாவும் சம்மதித்தார்.

மறுநாள் காலை மந்திரி புது வீட்டுக்குப் போனால் வாசலில் மாக்கோலம், நிலையில் மாவிலைத் தோரணம். உள்ளே முத்திருளன் மனைவி பேச்சியம்மாள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"யார் நீ? இங்கே என்ன செய்கிறாய்?"

"எங்க வீட்டுக்காரரு பேருல உள்ள வீடுதானுங்களே, விகடகவி ஐயா சொன்னாரு. பால் பொங்கிருச்சு, ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க."

மந்திரி தலைப்பாகை அவிழச் சபைக்கு ஓடினார். "அரசே, அநியாயம்! அது என் வீடு! ஒவ்வொரு கல்லும் என்னுடையது!"

"விழுந்த கல்லுமா?" என்று கேட்டார் அம்பலவாணர்.

ராஜா சிரித்த சிரிப்பில் சிம்மாசனமே ஆடியது. "செண்பகராயரே, வீடு வேண்டுமானால் உமது கையைக் கொடும். கையும் வீடும் வேண்டுமானால் முத்திருளனுக்குக் கூலியைக் கொடுத்து, ஓலையை உமது பெயருக்கு மாற்றிக்கொள்ளும். இனிச் சுவர் விழுந்தால் உமது கைதான்!"

மந்திரி பல்லைக் கடித்துக்கொண்டு கூலியை எண்ணிவைத்தார். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணர் கழுத்தில் போட்டார். மந்திரியின் கண் அந்த மாலையைவிட்டு நகரவே இல்லை. அன்று மாலையே, தனக்கு இரட்டை வடத்தில் ஒன்று செய்யச் சொல்லி ஊரிலுள்ள பொற்கொல்லர்களுக்கெல்லாம் ஆள் அனுப்பினார்.

முன்பணம் இல்லாமல் ஒருவர்கூட வரவில்லை.