முதல் பிச்சை

விடுகதை ஒன்று போடுகிறேன். வீடு அவர் கட்டியது. வாசல் கதவுக்கு மரம் பார்த்து வாங்கியதும் அவர்தான். அந்த வாசலில் நின்று அவரே பிச்சை கேட்க வேண்டும். அவர் யார்?

அவசரப்பட்டு விடை சொல்ல வேண்டாம். அந்தப் பெரியவருக்கே அது வெகுகாலம் தெரியவில்லை.

அவர் பெயர் தாண்டவன். ஆற்றங்கரை மடம் ஒன்றில் காவி உடுத்தி வாழ்ந்துவந்தார். மடத்தின் குரு மங்கையம்மை, அவரைவிட வயதில் மிகவும் இளையவர். பழைய குரு மறைந்த பிறகு அந்த இடத்துக்கு வந்தவர். அதிகம் பேச மாட்டார்.

ஒரு காலையில் குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தாண்டவன் எதிரில் வந்து நின்றார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"துறவிக்கு மனைவி உண்டா?"

குரு நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கு என்ன ஆச்சு?"

"வடிவு படுத்துட்டாளாம். இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்காம். என்னைப் பார்க்கணும்னு சொல்லி அனுப்பியிருக்கா."

"அப்ப போக வேண்டியதுதானே?"

"எந்த முகத்தோட போவேன்? நான் முதல் பிச்சையே வாங்கலைம்மா."

அந்த மடத்தில் ஊரறிந்த ஒரு வழக்கம் இருந்தது. குடும்பம் உள்ளவர் காவி கேட்டு வந்தால், முதல் பிச்சையைத் தன் வீட்டு வாசலில்தான் வாங்க வேண்டும். மனைவியைத் "தாயே" என்று அழைக்க வேண்டும். அவள் அரிசி போட்டால் சம்மதித்துவிட்டாள் என்று பொருள். போடாவிட்டால் காவியைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போய்விட வேண்டும்.

காவி உடுத்திய அன்று தாண்டவன் தன் வீட்டு வாசல்படி வரை போனார். உள்ளே குழந்தை சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் போடமாட்டாள் என்று பயந்தார். திரும்பி நடந்து, அடுத்த தெருவில் யாரோ ஒருவர் வீட்டில் அரிசி வாங்கிக்கொண்டு மடத்துக்கு வந்துவிட்டார். எந்த வீடு என்று பழைய குரு கேட்கவில்லை.

மங்கையம்மை கீரைத் தட்டைக் கீழே வைத்தார். உள்ளே போய்த் தாண்டவனின் திருவோட்டை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எங்கேம்மா?"

"முதல் பிச்சைக்கு. வாங்க, பஸ் போயிடும்."

வீட்டுக் கதவைத் திறந்தது தாண்டவனின் மகள் கோமதி. அவர் போனபோது தவழ்ந்துகொண்டிருந்தவள். இப்போது காதோரம் நரைத்திருந்தது. திருவோட்டையும் காவியையும் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

"அடுத்த வீடு பாருங்க, சாமி. இங்க உடம்புக்கு முடியாதவங்க இருக்காங்க."

தாண்டவன் வாயைத் திறந்தார். "தாயே" என்ற சொல் வரவில்லை.

"வடிவு" என்றார்.

கோமதிக்குப் புரிந்துவிட்டது.

"ஓ, நீங்களா? பரவாயில்லையே, வீடு ஞாபகம் இருக்கே!"

உள்ளேயிருந்து மெலிந்த குரல் கேட்டது. "கோமு, யாருடி?"

"யாரோ பிச்சைக்காரர்ம்மா."

"பிச்சைக்காரர் என் பேரைச் சொல்லியா கூப்பிடுவார்? உள்ள விடு."

கோமதி ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் நகர்ந்தாள். குரு உள்ளே போகவில்லை. வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

வடிவு கட்டிலில் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் கஞ்சி மூடிவைத்திருந்தது. சில நாட்களாகவே அவள் எதையும் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மொட்டை உங்களுக்குப் பொருந்தலை."

தாண்டவன் அழுதுவிட்டார்.

"அழாதீங்க. திட்டத்தான் கூப்பிட்டேன். நன்றி சொல்லவும்தான். எது முதல்ல வருதுன்னு பார்ப்போம்."

"எனக்கு எதுக்கு நன்றி?"

"நீங்க போனதாலதானே கடை வெச்சேன்! கடை வெச்சதால ஊர்ல பாதிப் பேர் எனக்குச் சொந்தம். சமையல்கட்டுல போய்ப் பாருங்க, யார் வீட்டு ரசமாவது வந்திருக்கும். நான் நல்லாத்தான் வாழ்ந்தேன். அதை உங்ககிட்ட சொல்லாம போக மனசு வரலை."

"திட்டு?"

"நிறைய சேர்த்து வெச்சிருந்தேன். உங்களைப் பார்த்ததும் எங்கேயோ போயிடுச்சு."

அவர் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். "உன்னைக் கேட்காமலே போயிட்டேன். தப்பு, வடிவு. அன்னிக்கு வாசல் வரைக்கும் வந்தேன்."

"தெரியும். ஜன்னல் வழியா பார்த்தேன். கையில அரிசி வெச்சிருந்தேன்."

"போட்டிருப்பியா?"

"கதவுக்குப் பின்னால விளக்குமாறும் வெச்சிருந்தேன். எதை எடுத்திருப்பேன்னு எனக்கே தெரியாது. நீங்க சும்மா திரும்பிப் போனீங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியலை. எதையாவது வாங்கிட்டுப் போயிருக்கலாம்."

"இப்ப போடு. எதுவானாலும் வாங்கிக்கிறேன்."

திருவோட்டை நீட்டினார். வடிவு கையைத் தூக்கப் பார்த்தாள். அது எழவில்லை.

"இப்ப மனசு இருக்கு, கை இல்லை" என்று சிரித்தாள். "அந்தக் கஞ்சியை நீங்களே உங்க ஓட்டுல ஊத்துங்க."

அவர் ஊற்றினார்.

"இனி எனக்குப் போடுங்க, சாமி. பசிக்குது."

கோமதி அறைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பசிக்கிறது என்று அம்மா சொல்லி அவள் கேட்டு வெகுநாளாகியிருந்தது. விறுவிறுவென்று வாசலுக்கு வந்தாள்.

"உங்க சிஷ்யரைக் கூட்டிட்டுப் போங்க."

"உங்கம்மா சாப்பிட்டு முடிக்கட்டுமே" என்றார் குரு.

"அம்மா மன்னிச்சுட்டாங்க. அவங்க மனசு அப்படி. எனக்கு அப்படி இல்லை. ஸ்கூல்ல அப்பா பேரு என்னன்னு கேட்டா பேரைச் சொல்லுவேன். எங்க இருக்காருன்னு கேட்டா வாயை மூடிட்டு நிப்பேன். என்னால முடியாது."

"முடியலைன்னா விட்டுடு."

கோமதி அதை எதிர்பார்க்கவில்லை. "மன்னிக்கணும்னு சொல்ல மாட்டீங்களா? அதுக்குத்தானே கூட வந்தீங்க?"

"பட்டது நீ. நான் எப்படிச் சொல்ல முடியும்?"

உள்ளே வடிவு இருமினாள். பிறகு அவள் குரல் கேட்டது. "ஐயோ, மூக்குல ஊத்துறீங்களே!" அதைத் தொடர்ந்து இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு மறுபடி இருமலானது.

குரு எட்டிப் பார்த்தார்.

"அவருக்கு ஊட்டத் தெரியலை. தலையைத் தூக்கிப் பிடிக்க ஒரு ஆள் இருந்தா உங்கம்மா இன்னும் ரெண்டு வாய் சாப்பிடுவாங்க" என்றார்.

கோமதி கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போனாள். கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து, அம்மாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.